கணக்கில் அடங்காத காடு: ‘வீழும் வானம்’ – ஒரு திறனாய்வு

நவம்பர்த் திங்கள் இரண்டாம் நாள் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் மெழுகுதிரி ஒளியில் விழித்திருக்கும். புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மலர் தூவி, நம்மவர் உறங்கும் இடத்தருகே சற்று நேரம் நிற்கிறோம். இறந்தவர் எங்கே இருக்கிறார் என்று அறிந்திருப்பது துயரத்திற்கு ஒரு கரை. அந்தக் கரை கிட்டாத ஒருவரின் நூலைப் பற்றியே இக்கட்டுரை.

டாவி கோப்பெனாவா பிரேசில் நாட்டு அமேசான் காட்டில், தோத்தோத்தோபி ஆற்றின் தலைப்பகுதியில் 1956ஆம் ஆண்டளவில் பிறந்தவர், யானோமாமி இனத்தவர். அவர் சிறுவராயிருந்தபோது வட அமெரிக்கப் புராட்டஸ்தாந்து மிஷன் ஒன்றின் பணியாளர் அங்கே வந்து குடியேறினர். 1967இல் அந்த மிஷன் குடியிருப்பின் வழியே தட்டம்மை பரவிற்று. பலர் மடிந்தனர், அவருடைய தாயும் மடிந்தார். யானோமாமி மக்கள் இறந்தவரின் உடலை முதலில் காட்டில் வைத்திருந்து, பின்னர் எலும்புகளை எரித்து, அந்தச் சாம்பலைச் சுரைக்குடுக்கையில் காப்பர். பல ஊரார் கூடும் பெருவிருந்தில் அதனை அடுப்பருகே புதைப்பர். அல்லது வாழைப்பழக் கூழில் கலந்து உட்கொள்வர். அதன்பின் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். அழுகைக்கு ஒரு முடிவு உண்டு. அதற்குச் சாம்பல் வேண்டும். ஆனால் டாவியின் தாயை மிஷன் பணியாளர் தம் முறைப்படி மண்ணில் புதைத்துவிட்டனர். எந்த இடத்தில் என்பது மகனுக்குச் சொல்லப்படவில்லை. முன்னோர் அழுத முறையில் தம் தாய்க்காகத் தம்மால் அழ முடியாமற் போயிற்று என்று, பல்லாண்டுகள் கழிந்தபின், இந்நூலில் அவர் கூறுகிறார்.

‘வீழும் வானம்’ காடு காக்கச் சொல்லும் நூல் என்பது பரவலான அறிமுகம். அது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. என் பார்வையில் இது முதலாவதாகத் துக்கத்தின் நூல். இறந்தோரை மதிக்கத் தெரிந்த ஒரு மக்கள் காட்டை எவ்வாறு காண்கின்றனர் என்பதை அந்தத் துக்கத்தின் வழியே நமக்குக் காட்டுகிறது. இவ்வாறு படிக்கும்போது, இன்று உலக நாடுகள் காடுகளுக்காக வகுக்கும் காலநிலைக் கொள்கைகளின் அடியில் கிடக்கும் ஒரு பிழையும் புலனாகிறது.

நூலும் குரலும்

நூலின் அட்டையில் இருவர் பெயர் உண்டு. ஒருவர் கோப்பெனாவா; மற்றவர் 1975 முதல் யானோமாமி மக்களிடையே ஆய்வு நடத்திய பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் புரூஸ் அல்பேர். கோப்பெனாவா தம் தாய்மொழியில் பேசப் பேச, அல்பேர் பல்லாண்டுகளாக ஒலிநாடாவில் பதிவு செய்து, மொழிபெயர்த்து, வரிசைப்படுத்தினார். பிரெஞ்சு மொழியில் 2010இலும், ஆங்கிலத்தில் 2013இலும், போர்ச்சுக்கீசியத்தில் 2015இலும் நூல் வெளிவந்தது. நான் ஆங்கில வழியாகவே படித்தேன். ஆகவே இரு மொழிகளின் திரைக்குப் பின்னால் கேட்கும் குரலைப் பற்றியே பேசுகிறேன் என்பதை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும்.

நூல் மூன்று பகுதிகளால் ஆனது. கோப்பெனாவா ‘ஷாமன்’ ஆன வரலாறு முதற்பகுதி. ஷாமன் என்பவரை மந்திரவாதி என்று நாம் மொழிபெயர்த்தால் அச்சொல்லில் ஏளனம் ஏறிக்கொள்ளும். சங்கப் பாடல்களில் வெறியாடும் வேலன் ஓரளவு நெருங்கி வருவான். மரப்பட்டையிலிருந்து செய்யும் பொடியை உறிஞ்சி, ‘ஷாபிரி’ எனப்படும் காட்டின் ஆவிகளை வரவழைத்து, நோய் நீக்குபவரே ஷாமன். வெள்ளையரின் வருகையும், பெருஞ்சாலையும், பொன் அகழ்வோர் கூட்டமும், அவற்றோடு வந்த கொள்ளைநோய்களும் இரண்டாம் பகுதி. நகரங்களுக்குச் சென்று வந்த பயணங்களும், வானம் வீழும் என்ற எச்சரிக்கையும் மூன்றாம் பகுதி.

படைப்பின் தொடக்கத்தில் ஒருமுறை வானம் இற்று வீழ்ந்தது; இன்று நாம் நடக்கும் நிலம் அவ்வாறு வீழ்ந்த வானத்தின் முதுகு என்பது யானோமாமி மரபு. இப்போதுள்ள வானத்தை ஷாமன்களும் அவர்களுடைய ஆவிகளும் தாங்கி நிற்கின்றனர். கடைசி ஷாமன் இறக்கும் நாளில் அது மீண்டும் இற்று வீழும். வீழும்போது யானோமாமியரோடு வெள்ளையரையும் நசுக்கும். இதனை உருவகம் என்று எண்ணிப் பாராட்டுவது எளிது. ஆனால் கோப்பெனாவா உருவகம் பேசவில்லை. தாம் கண்டதைச் சாட்சியாகச் சொல்கிறார். ‘காலநிலை மாற்றத்தைப் பழங்குடியினர் அழகாக முன்னுணர்ந்தனர்’ என்று நம் அறிவியலுக்குள் அச்சொற்களை அடக்கிக்கொள்ளும் வாசிப்பு, மரியாதை போலத் தோன்றும் ஒரு புறக்கணிப்பே ஆகும்.

நடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூலில் கூறியது கூறல் மிகுதி. எழுத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது சலிப்பூட்டலாம். ஆனால் இது செவிக்கான மொழி. வெள்ளையர் தம் சொற்களை மறந்துவிடுவதால்தான் அவற்றைக் காகிதத் தோல்களில் வரைந்து வைக்கின்றனர் என்று கோப்பெனாவா எள்ளுகிறார். அப்படி எள்ளியவரே தம் சொற்களைக் காகிதத்தில் ஏற்ற இசைந்தார். வேறு வழியில் நாம் கேட்கமாட்டோம் என்று அவர் கண்டுகொண்டதே காரணம். அந்தக் கசப்பு நூல் முழுதும் அடிநாதமாக ஒலிக்கிறது.

பண்டத்தை நேசிக்கும் மக்கள்

நூலின் சிகரம் என்று நான் கருதுவது மூன்றாம் பகுதியில் பண்டங்களைப் பற்றி வரும் இயல். யானோமாமியர் ஒருவர் இறந்தால் அவருடைய வில், அம்பு, தூங்கு ஊஞ்சல், பாத்திரம் யாவும் அழிக்கப்படும். மகன் அவற்றைப் பெறுவதில்லை. பொருளைக் கண்டால் துக்கம் திரும்பும். ஆகவே பொருள் போக வேண்டும். உயிரோடிருக்கும்போது கிடைத்ததைக் கைமாற்றிக் கொடுப்பதே பெருமை. குவித்து வைப்பவன் இறந்தால் அவனுக்காக அழுவோர் இல்லை. இந்த மனத்தோடு அவர் நம் உலகத்தைப் பார்க்கிறார். வெள்ளையரைப் ‘பண்டத்தின் மக்கள்’ என்று அழைக்கிறார். தாம் சேர்த்த பொருளைக் காதலியை எண்ணுவது போல் எண்ணி எண்ணி உறக்கமிழப்பவர் என்கிறார். பாரிஸ் மாநகர அருங்காட்சியகம் ஒன்றில், மறைந்த மக்களின் உடைமைகள் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருக்கக் கண்டு அவர் நடுங்கினார். இறந்தோரின் பொருளை அழிக்காமல் பூட்டி வைத்து, அதைப் பார்க்கவும் செய்கிறார்களே என்ற அந்த நடுக்கத்தில் ஒரு நாகரிகம் மற்றொரு நாகரிகத்தை எடைபோடுகிறது.

‘காடு’ என்பதற்கு யானோமாமி மொழியில் ‘உரிஹி’ என்று பெயர். நிலமும் மரமும் மழையும் விலங்கும் ஆவியும் சேர்ந்த, மூச்சுள்ள ஒன்று அது. போர்ச்சுக்கீசியத்தில் சுற்றுச்சூழலைக் குறிக்கும் சொற்றொடரின் முதற்சொல்லுக்குப் ‘பாதி’ என்ற பொருளும் உண்டு. அதைக் கேட்ட கோப்பெனாவா, தங்கள் இயந்திரங்கள் தின்றது போக மிஞ்சிய பாதிக்கே வெள்ளையர் இப்பெயரிட்டனர் என்று கூறி அச்சொல்லை மறுக்கிறார். பூமியை நடுவில் பிளக்கலாகாது என்பது அவர் வாதம். நம் தமிழ்ச் சொல்லையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். ‘சுற்றுச்சூழல்’ என்கிறோம். நம்மைச் சுற்றிச் சூழ்ந்திருப்பது என்பது பொருள். நடுவில் நிற்பவர் யார் என்பதை அச்சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

நிற்கும் மரமும் மடியும் மனிதரும்

இனிக் காலநிலைக் கொள்கைக்கு வருவோம். 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கையின்கீழ் வளரும் நாடுகளில் புதிதாக மரம் நடுவோர்க்குச் சான்றும் பணமும் கிடைக்க வழி இருந்தது. இருக்கும் காட்டை அழியாமல் காப்போர்க்கு இல்லை. இக்குறையைப் போக்க 2005இல் மாண்ட்ரியல் மாநாட்டில் பப்புவா நியூகினியும் கோஸ்டரிக்காவும் முயற்சி தொடங்கின. 2007இல் பாலி, 2010இல் கான்கூன், 2013இல் வார்சா என வளர்ந்து, ‘ரெட் பிளஸ்’ என்னும் திட்டமாக அது உருப்பெற்றது. காடழிப்பு எவ்வளவு குறைந்தது, அதனால் எத்தனை டன் கரியமிலவாயு வானேறாமல் தடுக்கப்பட்டது என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பணம் தருவது இதன் அடிப்படை. நல்லெண்ணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. கான்கூன் முடிவுகளில் பழங்குடி மக்களின் அறிவையும் உரிமையையும் மதிக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் இடம்பெற்றது.

ஆயினும் கணக்கின் இயல்பைக் கவனியுங்கள். அழித்தவன் அழிப்பைக் குறைத்தால் ‘குறைப்பு’ உண்டு, பரிசும் உண்டு. என்றுமே அழிக்காதவனிடம் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஊதாரி மைந்தன் உவமையில், வீட்டைவிட்டு அகலாத மூத்த மகன் தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லையே என்று வருந்துகிறான். அவனைத் தேடித் தந்தை வெளியே வந்தார். கணக்குப் புத்தகம் அவ்வாறு எவரையும் தேடி வெளியே வருவதில்லை. இக்குறையை உணர்ந்தே, நிற்கும் காட்டிற்கே ஆண்டுதோறும் பணம் வழங்கும் நிதியம் ஒன்று 2025 நவம்பரில் பெலெம் நகரில் பிரேசிலின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கு பழங்குடியினர்க்கும் காட்டுவாழ் சமூகத்தினர்க்கும் என்று வகுத்துள்ளனர். இது முன்னேற்றமே.

ஆனால் இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அதைத்தான் இந்நூல் நமக்குக் காட்டுகிறது. பிரேசிலில் யானோமாமி நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 96 இலட்சம் எக்டேர். அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 27,000 பேர். 2019க்குப் பின் பொன் அகழ்வோர் மீண்டும் பெருந்திரளாய் நுழைந்தனர். 2022 இறுதிவரை அவர்கள் சிதைத்த காடு ஏறத்தாழ 5,000 எக்டேர் என்று கணக்கிடப்பட்டது. அதாவது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கார்பன் கணக்கில் இது ஒரு தூசு. ஆனால் ஆற்றில் பாதரசம் கலந்தது. குழிகளில் தேங்கிய நீரில் மலேரியா பெருகிற்று. வேட்டையும் பயிரும் கெட்டுப் பட்டினி வந்தது. மருத்துவ நிலையங்கள் செயலிழந்தன. 2023 சனவரியில் பிரேசில் அரசு அங்கே சுகாதார நெருக்கடிநிலையை அறிவித்தது. அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 570 குழந்தைகள் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்தனர் என்ற கணக்கும் அப்போது வெளியாயிற்று. மரங்களோ நின்றுகொண்டிருந்தன. செயற்கைக்கோள் படத்தில் காடு பசுமையாகவே இருந்தது. மரம் நிற்க மனிதர் மடிந்தால் கார்பன் கணக்கில் குறைவே இல்லை!

‘உரிஹி’யை அறிந்தவர்க்கு அப்படிப்பட்ட காடு காடன்று. பொன்னிலிருந்து எழும் புகையே ‘ஷவாரா’ என்னும் கொள்ளைநோயாகி மக்களைத் தின்கிறது என்கிறார் கோப்பெனாவா. ஓமாமா என்னும் முதல்வன் உலோகங்களை மண்ணுக்கடியில் மறைத்து வைத்தது, அவை வெளிவரலாகாது என்பதற்காகவே என்பது அவர் மரபு. இதை நம்பிக்கை என்று ஒதுக்கலாம். ஆனால் ‘எது போனால் காடு போயிற்று?’ என்ற கேள்விக்கு, மரத்தை மட்டும் எண்ணும் கணக்கைவிட இதில் நிறைவான விடை இருக்கிறது.

கணக்கின் வழியே செல்ல முயன்ற பழங்குடியினரும் உண்டு. ரொண்டோனியா மாநிலத்துப் பைத்தர் சுருயி மக்கள், பழங்குடியினர் தாமே முன்னின்று நடத்திய முதல் கார்பன் திட்டத்தை உருவாக்கி, 2013இல் பிரேசில் அழகுப்பொருள் நிறுவனம் ஒன்றுக்குச் சான்றுகளை விற்றனர். பின்னர் மரம் வெட்டுவோரும், பொன்னும் வைரமும் தேடுவோரும் உள்ளே நுழைய, காடழிப்புப் பெருகி, 2018இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அவர்கள் முயன்றது பிழையன்று. வாயிலில் காவலின்றிக் கருவூலத்திற்கு மட்டும் விலை குறித்த ஏற்பாடே பிழை.

எல்லைக்கோட்டின் நன்மை

எனவே கொள்கையும் சட்டமும் பயனற்றவை என்று முடிவு செய்யலாமா? ஆகாது. இந்நூலே அதற்கு எதிர்ச்சாட்சி. 1980களின் இறுதியில் ஏறத்தாழ 40,000 பொன் அகழ்வோர் யானோமாமி நிலத்தில் புகுந்திருந்தனர். அன்றைய அரசு அந்நிலத்தை 19 தீவுகளாகத் துண்டாடி, இடைப்பட்ட பெரும்பகுதியைத் ‘தேசியக் காடு’ என்று பெயரிட்டு ஒதுக்கத் துணிந்தது. காடு என்ற பெயராலேயே காட்டு மக்களின் நிலம் பறிபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கோப்பெனாவாவும் தோழர்களும் உலகெங்கும் சென்று முறையிட்டனர். 1992 மே 25 அன்று முழு நிலமும் பிளவுபடாத ஒரே பகுதியாகக் குடியரசுத் தலைவரின் ஆணையால் உறுதி செய்யப்பட்டது. அடுத்த மாதமே ரியோ நகரில் புவி உச்சி மாநாடு கூடியது. காலநிலை மாற்றத்திற்கான உலக உடன்படிக்கையும் அங்கேயே கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. 1993இல் ஹஷிமு என்னும் ஊரில் 16 யானோமாமியரைப் பொன் அகழ்வோர் கொன்றதை இனக்கொலை என்றே பிரேசில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த எல்லைக்கோடு மட்டும் இல்லாதிருந்தால் இன்று விலைபேசக் காடே இருந்திராது. காட்டைக் காத்தது விலையன்று, உரிமை. கோடு காவலோடு இருந்த ஆண்டுகளில் மக்கள் பெருகினர்; காவல் தளர்ந்தபோது குழந்தைகள் மடிந்தனர். காலநிலைக் கொள்கை வகுப்போர் இந்நூலிலிருந்து கற்கத்தக்க பாடம் ஒன்றே: டன் கணக்கைத் தொடங்குமுன் நிலத்தின் உரிமையும் அதன் காவலும் உறுதிப்பட வேண்டும்.

நூலின் குறைகள்

புகழ்ந்துரைப்பது மட்டும் திறனாய்வு ஆகாது. முதற்குறை, குரலைப் பற்றியது. ‘நான்’ என்று பேசுபவர் கோப்பெனாவா. அந்த ‘நான்’ எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று வரிசை செய்தவர் அல்பேர். நூலின் இறுதியில் அவர் இதை மறைக்காமல் விரித்துரைக்கிறார் என்பது பாராட்டத்தக்கது. ஆயினும் பலமுறை பல சூழல்களில் பேசியவை ஒரே சீரான பேருரையாகத் தோன்றும்போது, பேச்சின் தயக்கங்களும் முரண்களும் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டாவது, பெண்களின் குரல் இங்கே மிகக் குறைவு. தாய் இறந்ததில் தொடங்கும் துயரம் இது. ஆயினும் தாய்மார் இந்த உலகை எவ்வாறு காண்கின்றனர் என்பதை ஷாமனின் வாய்வழியே மட்டும் அறிகிறோம். மூன்றாவது, ‘வெள்ளையர்’ என்ற ஒரு சொல்லில் அதிகாரியும் அகழ்வோனும் அறிஞனும் அடங்கிவிடுகின்றனர். பொன் தேடி வந்தோருள் பெரும்பாலோர் நிலமற்ற ஏழைகள். அவர்களைக் காட்டுக்குள் தள்ளிய வறுமையை நூல் போதிய அளவு எடைபோடவில்லை. நியூயார்க் நகரின் ஓரங்களில் வறியோர் வாழ்வதைக் கண்டு மனம் வருந்திய கோப்பெனாவாவின் கண், தம் பகைவரின் வறுமைமேலும் சற்று நேரம் தங்கியிருக்கலாம். ஆனால் தம் மக்களைக் கொன்றோர்க்காக வாதாடும் கடமை அவருக்கில்லை. அது நம் கடமை.

நம்மை நோக்கி

நம் வாசகரைச் சங்கடப்படுத்தும் பகுதிகள் இந்நூலில் உண்டு. சிறுவயதில் ‘தெயோசி’யை, அதாவது கடவுளை, நம்ப முயன்றதையும், நரக நெருப்பைச் சொல்லித் தம் மக்களை அச்சுறுத்தியதையும், பின்னர் தாம் விலகியதையும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். டாவி என்ற விவிலியப் பெயர் மிஷன் தந்தது. கோப்பெனாவா என்பதோ குளவி ஆவிகள் அவருக்கு அளித்த பெயர். நிலத்தைக் காக்கச் சினந்தெழுந்தவர்க்கு உரியது. ‘அவர்கள் வேறு சபையினர்’ என்று சொல்லி நாம் நழுவிவிடலாம். கத்தோலிக்கக் கொன்சொலாத்தா துறவியர் 1965 முதல் கத்திரிமானி ஆற்றங்கரையில் திருமுழுக்கை வற்புறுத்தாது மக்களுக்கு மருத்துவமும் துணையும் நல்கியதையும், 1978இல் யானோமாமி நில உரிமைக்கெனத் தொடங்கிய இயக்கத்தின் நிறுவனர்களுள் அச்சபைச் சகோதரர் ஒருவரும் இருந்ததையும் நாம் பெருமையோடு சுட்டலாம். இரண்டும் உண்மை. ஆயினும், நல்லெண்ணத்தோடு வந்தவரே தாயின் சாம்பலை மகனுக்கு மறுத்துவிட முடியும் என்ற உண்மையை அவை துடைத்துவிடா. அன்று அவர்கள் செய்தது கொடுமை நாடிய செயலன்று. கேளாமற் செய்த செயல்.

பழங்குடியினர்க்கு நிலம் விற்பனைப் பொருளன்று, இறைவனும் முன்னோரும் அளித்த கொடை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலில் எழுதினார். கார்பன் சான்றுகளின் வாணிபம் புதியதொரு சூதாட்டமாக மாறக்கூடும் என்றும் அதே மடலில் எச்சரித்தார். இவ்விரு கருத்துகளும் தனித்தனியானவை அல்ல என்பதை ‘வீழும் வானம்’ படித்தபின் தெளிவாக உணர்ந்தேன். இறந்தோரும் பிறவாதோரும் உறையும் இடத்தை விலைப்பட்டியலில் சேர்க்கும்போதே அங்கு வாழ்வோர் கணக்கிலிருந்து நழுவத் தொடங்குகின்றனர். பொன்னுக்கும் இதில் பங்குண்டு. உலகில் பொன்னை மிகுதியாக நுகரும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. திருமண வீடுகளில் சவரன் கணக்கு பேசும் நாம், கோப்பெனாவா ‘நீங்கள்’ என்று விளிக்கும்போது வெள்ளையரை மட்டும் திரும்பிப் பார்க்க இயலாது.

இறுதியாக ஒரு செய்தி. தட்டம்மை பரவிய காலத்தை ஒட்டி, அமெரிக்க ஆய்வாளர்கள் யானோமாமியரிடம் இரத்தம் எடுத்துச் சென்று ஆய்வுக்கூடங்களில் உறைநிலையில் வைத்திருந்தனர். கொடுத்தவர் பலர் இறந்த பின்னும் அந்த இரத்தம் அங்கேயே இருந்தது. இறந்தோரின் எதுவும் எஞ்சலாகாது என்று எண்ணும் மக்களுக்கு இது தாளாத வேதனை. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின், 2015இல் 2,693 குப்பிகள் திரும்பி வந்தன. தோத்தோத்தோபிப் பகுதியிலேயே ஷாமன்கள் கூடி அவற்றை மண்ணுக்கு அளித்தனர். கோப்பெனாவாவும் அங்கே நின்றிருந்தார். தாயின் இடம் அவருக்கு இன்றும் தெரியாது. ஆனால் கேட்டால் திருப்பித் தரவும் உலகத்தால் முடியும் என்பதற்கு அந்த மண் சான்று. அடுத்த கல்லறைத் திருநாளில் நம்மவர்க்காக மெழுகுதிரி ஏற்றும்போது, இந்நூலையும் ஒருமுறை நினைவில் கொள்வோம்.